டேங்குக்குத் தீனி

“மிச்சச் சோத்தை யாருக்கு விக்கறீங்க?”

விடுதிச் செயலாளர் சமையலறைக்குள் வந்ததும் வராததுமாக இப்படிக் கேட்டார். சமையல்காரம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“எந்த மிச்சம், ஐயா?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க.”

நர்ஸ் படிப்புக்கு வந்த பெண்கள் தங்கியிருக்கும் விடுதி அது. பின்பக்கம் ஒரு பயோகேஸ் டேங்க் இருந்தது. தட்டில் மிஞ்சுவதெல்லாம் அதற்குள் போகும். அதிலிருந்து வரும் கேஸில்தான் அடுப்பு எரியும். டேங்கில் கொட்டுவதை அங்கே எல்லோரும் தீனி என்பார்கள். டேங்கைப் பார்த்துக்கொள்பவருக்குப் பெண்கள் வைத்த பெயர் கேஸ் அண்ணன்.

அவரும் செயலாளருக்குப் பின்னாலேயே வந்து நின்றார்.

“முன்னாடி வேளைக்கு மூணு வாளி வரும், சார். இந்த அம்மா வந்தப்புறம் வாளியோட அடிகூட மறைய மாட்டேங்குது. அதுலயும் பாதி காய்த்தோல். கேஸ் சேர்ந்தா மேல ஏறற டிரம் ஏறவே இல்ல. முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.”

“தீனிக்கு என்ன பண்றீங்க?”

“மாட்டுப் பண்ணையிலேர்ந்து சாணி வாங்கிக் கொட்டறோம். வண்டி வாடகை வேற.”

“சாணிய விலைக்கு வாங்கி கேஸ் எடுக்கறதுக்கு சிலிண்டரே வாங்கிடலாமேய்யா.”

“சிலிண்டரும்தான் வாங்கறோம், சார்.”

செயலாளர் அவரை ஒரு பார்வை பார்த்தார். டேங்க் கட்டப் பணம் கொடுத்தவர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். நேராகப் போய் மீட்டரைத்தான் பார்ப்பார்கள். கேஸ் நன்றாக வந்திருந்தால் இன்னொரு டேங்குக்கும் பணம் கொடுப்பார்கள். செயலாளர் அதற்கு இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

அவர் சமையல்காரம்மா பக்கம் திரும்பினார்.

“பன்னிப் பண்ணைக்காரர் வண்டி பின்வாசல்ல நின்னுதாமே?”

“நின்னுது, ஐயா. மிச்சம் மீதி இருக்கான்னு கேட்டார். இல்லேன்னேன். போயிட்டார்.”

“அப்ப மூணு வாளி எங்க போச்சு?”

“நான் வந்ததிலேர்ந்து மூணு வாளியைக் கண்ணால பாத்ததில்லையே.”

“நல்லாப் பேசறீங்க. வேலையும் இங்கதான், குடியிருக்கிற ரூமும் இங்கதான். போனா ரெண்டும் சேர்ந்தே போகும். அதை மனசுல வச்சுக்கிட்டுப் பேசுங்க.”

சமையலறையை ஒட்டிய அறையில் அந்த அம்மாவின் கணவர் படுத்திருந்தார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். கதவு திறந்துதான் இருந்தது. இங்கே பேசுவதெல்லாம் உள்ளே கேட்கும்.

சமையல்காரம்மா குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஐயா, இப்ப சாப்பாட்டு நேரம்தான். நீங்களே இருந்து பாருங்க. நான் அந்த வாளிப் பக்கமே வரல.”

தட்டு கழுவும் இடத்தில் நாற்காலி போட்டுச் செயலாளர் உட்கார்ந்தார். வாளியைக் காலடியில் இழுத்து வைத்துக்கொண்டார். கேஸ் அண்ணன் சுவரோரமாக நின்றார்.

பெண்கள் வந்தார்கள். சோறு, பருப்பு, வதக்கிய காய். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வரிசை கலைந்த பிறகு மறுசோறு வாங்க இரண்டாம் முறையாக ஒரு வரிசை சேர்ந்தது.

முதல் பெண் தட்டோடு வந்தாள். செயலாளர் எட்டிப் பார்த்தார். வெறும் தட்டு. அடுத்தவள் தட்டும் அப்படித்தான். அதற்கடுத்த பெண்ணின் தட்டில் ஒரு மிளகாய் கிடந்தது.

“அதை இங்க போடும்மா, இங்க போடு,” என்று கேஸ் அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டே முன்னால் வந்தார்.

“ஒரு மிளகாய்க்கு இவ்வளவு மரியாதையா, அண்ணே?”

செயலாளர் சிரிக்கவில்லை. “முன்னெல்லாம் தட்டுல பாதியைக் கொட்டுவீங்களே?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

“முன்னெல்லாம் சோறு வெந்திருக்காது, சார். பருப்பு ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம் நிக்கும். வெளியில பன்னு வாங்கித் தின்னுட்டுப் படுத்துடுவோம். காலையில வார்டுல நின்னா தலை சுத்தும். நோயாளி எங்களைப் பிடிச்சு உக்கார வைப்பாங்க.”

“இப்ப?”

“இப்ப லேட்டா வந்தா காலிப் பாத்திரம்தான், சார்.”

கடைசிப் பெண்ணும் போனாள். வாளிக்குள் சில மிளகாய்கள், ஒரு பிடி காய்க் காம்பு.

கேஸ் அண்ணன் தலையைச் சொறிந்தார். “பிள்ளைங்க வயித்துக்குள்ள போயிருக்கு, சார். வேற எங்கயும் போகல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்கம்மா.”

செயலாளர் வாளியை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். பிறகு, “எனக்கும் ஒரு தட்டு போடுங்க,” என்றார்.

பாத்திரத்தின் அடியில் இருந்ததை வழித்துப் போட்டார் சமையல்காரம்மா. செயலாளர் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் பருப்பு கேட்டார். அதையும் முடித்து, விரலால் தட்டை வழித்தார். கழுவாமலே அடுக்கில் வைக்கலாம் போல இருந்தது தட்டு.

“நாளைக்கு நான் வேலைக்கு வரலாமா, ஐயா?”

“தாராளமா வாங்க. உங்க மேல ஒரு குறையும் இல்ல. இந்த மாதிரி சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு.”

சமையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செயலாளர் கையைக் கழுவிக்கொண்டு ஜன்னல் வழியே டேங்கைப் பார்த்தார். பிறகு திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்.

“நாளையிலேர்ந்து மட்டும், இவ்வளவு ருசி வேண்டாம்மா.”