ஆல்பத்தின் கடைசிப் பக்கம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி வள்ளிக்கண்ணு, தலைதீபாவளிக்கு வந்திருந்த மகள் உமையாள், மாப்பிள்ளை சாத்தப்பன், கல்யாண ஆல்பத்தின் மாதிரியை மடிக்கணினியில் காட்ட வந்த ஸ்டூடியோக்காரர் பீட்டர். கடைசிப் பக்கத்துக்கு, கல்யாணமான மறுவாரம் ஊருணிக்கரையில் எடுத்த படத்தை வைத்திருந்தார்.

“தங்கச்சி மணிக்கட்டுல நாலு கோடு தெரியுதுங்கய்யா. அழிச்சிரட்டுமா?”

“வளையல் தடம், அழிச்சிருங்க,” என்று மாப்பிள்ளை சிரித்தார். “ஒங்க மகளுக்குப் பூ பட்டாலே தடிச்சிரும் மாமா.”

சமையலறையில் தேங்காய் பர்பி கிளறிக்கொண்டிருந்த வள்ளிக்கண்ணுவின் கரண்டிச் சத்தம் நின்றது. மாப்பிள்ளை மேசைமேல் கையை ஊன்றியிருந்தார். அந்த நான்கு விரல்களையும் பார்த்தேன், படத்தையும் பார்த்தேன். அழித்துவிட்டால் மானம் மிஞ்சும் என்று ஒரு நொடி நினைத்தேன்.

“அவுக சொல்றபடியே செஞ்சிருங்க அப்பச்சி,” என்றாள் உமையாள், மாப்பிள்ளையின் கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“படம் இருக்கிறபடியே இருக்கட்டும்,” என்றேன் பீட்டரிடம்.

மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. பாகு தீய்கிற வாசம் கூடம் வரை வந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

உமையாள் இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். பர்பி கிளறும்போது பாகு தெறித்துக் கை வெந்துவிட்டதாம், அதனால்தான் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லையாம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அன்று அவள் அடுப்புப் பக்கமே போகவில்லை.