நாலாவது சுற்று

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு மனிதர் திசை திரும்பிய கதை சொல்கிறேன். சின்னதுதான். உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும்.

ஓடிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

முப்பதாவது சுற்றின் கடைசி வளைவு. வலது முட்டிக்குள் யாரோ ஊசியை விட்டுத் திருகியது போல ஒரு வலி.

ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூட மைதானம். வெளிச்சம் அப்போதுதான் வந்திருந்தது. காலை நடைக்கு வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இன்று எழுபத்தைந்து சுற்று ஓட வேண்டும். முப்பது கிலோமீட்டர். இன்னும் மூன்று வாரத்தில் கோவையில் மாரத்தான். அது நாற்பத்திரண்டு.

வயது ஐம்பத்து மூன்று.

பதக்கத்துக்கு ஆசைப்பட்டு ஓடுகிறவர் இல்லை அவர். மனைவி படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் காலை நாலரைக்கு எழுந்து மாத்திரை கொடுத்துப் பழகிய உடம்பு. அவள் போனபிறகும் நாலரைக்கே விழித்துக்கொண்டது. விழித்த உடம்பை அந்த வீட்டுக்குள் எங்கே கொண்டுபோய் வைப்பது?

பிள்ளைகள் இல்லை.

அதனால் ஓடினார். ஓடாத நாளில் விடிவதற்கு வெகுநேரம் ஆனது.

போன வாரம் முட்டியை அமுக்கிப் பார்த்த பிசியோதெரபிப் பெண், மைதானத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுகிறீர்கள் என்று கேட்டாள். வலமாக என்றார். எப்போதுமா என்றாள். எப்போதும். அங்கே எல்லோரும் அப்படித்தான். யாரும் எழுதிப்போட்ட சட்டம் இல்லை. கோயிலைச் சுற்றிப் பழகிய கால்கள் இங்கேயும் அப்படியே சுற்றின.

ஒரே பக்கமாக வளைந்து வளைந்துதான் முட்டி கெட்டிருக்கிறது, பாதிச் சுற்றை இடமாக ஓடுங்கள், இல்லையென்றால் ஓட்டத்தையே விட்டுவிடுங்கள் என்று அவள் சொல்லி எட்டு நாள் ஆயிற்று.

எட்டு நாளும் அவர் வலமாகவே ஓடினார்.

திரும்ப வேண்டும். அவ்வளவுதான். ஒரு பாதத்தை எடுத்து இந்தப் பக்கம் வைத்தால் போதும்.

முடியவில்லை.

இடமாக அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சுற்றியிருக்கிறார். மனைவிக்குக் கொள்ளி வைக்க மகன் இல்லாததால், மண்குடம் அவர் தோளுக்கு வந்தது. இடது தோள். சுற்றுக்கு ஒரு துளை போட்டார்கள். மூன்று சுற்று. தண்ணீர் முதுகில் வழிந்தது. பிறகு குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைக்கச் சொன்னார்கள். திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள்.

போனார்.

இப்போதும் போகலாம். மைதானத்துக் கேட் திறந்துதான் இருந்தது. ஆனால் நாளைக்கும் நாலரை மணி வருமே.

கண்ணை மூடிக்கொண்டு திரும்பினார்.

முதல் சுற்று. தலையைத் தூக்கவில்லை. தரையில் சுண்ணாம்புக் கோடு மட்டும் தெரிந்தது. எதிரே வந்த செருப்புகள் ஒதுங்கி வழிவிட்டன. மாவு மில் குழந்தைவேலு தன் கூட்டாளியிடம், அண்ணனுக்கு ரிவர்ஸ் கியர் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது.

இரண்டாவது சுற்று. முதுகில் ஈரம் இறங்கியது.

வியர்வைதான்.

வியர்வைதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஓடினார்.

மூன்றாவது சுற்று. இடது தோள் தானாக உயர்ந்துகொண்டது. அதன் மேல் ஒன்றும் இல்லை.

மூன்று முடிந்தது.

கால் நின்றுவிட்டது. முட்டியால் இல்லை. முட்டி சத்தமே காட்டவில்லை. மூன்றுக்கு மேல் என்ன செய்வதென்று அந்தக் கால்களுக்குத் தெரியவில்லை.

ஓரத்து வேப்பமரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்தார். அவிழாத ஷூக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். மறுபடி அவிழ்த்தார். மறுபடி கட்டினார். எவ்வளவு நேரமோ. அழுதாரா என்று கேட்காதீர்கள். மரம்தான் பார்த்தது.

பிறகு எழுந்தார். திறந்திருந்த கேட் வழியே வெளியேறாமல் அதைத் தாண்டி ஓடினார். இடமாகவே.

நாலாவது சுற்றில்தான் தலை நிமிர்ந்தது.

எதிரே முகங்கள்.

ஏழு மாதமாக அவர் இந்த ஆட்களின் முதுகைத்தான் பார்த்திருந்தார். வெள்ளைத் தொப்பிக்காரருக்கு இவ்வளவு பெரிய மீசை இருந்தது. மெதுவாக நடக்கிற பச்சைச் சுடிதாரைக் கிழவி என்று நினைத்திருந்தார். சின்னப் பெண். வயிற்றில் பிள்ளை.

வளைவில் ஒரு பெண்மணி தனியாக வந்துகொண்டிருந்தார். நூல் புடவை, கான்வாஸ் ஷூ, காதோரம் நரை. பெயர் தெய்வானை, பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை என்பதெல்லாம் அவருக்கு அப்போது தெரியாது.

அந்த அம்மாள் நிற்கவில்லை. நடந்தபடியே சொன்னார்.

"மூணு தடவை எதிர்ல வந்தீங்க. அப்புறம் ஆளையே காணோமுங்க. எங்கியாச்சும் விழுந்துட்டீங்களோன்னு பாத்துட்டே வர்றனுங்க."

இவர் வாயைத் திறந்தார்.

அதற்குள் இருவரும் ஒருவரையொருவர் தாண்டிவிட்டார்கள்.

இன்னும் நாற்பத்தோரு சுற்று.

அடுத்த வளைவு தூரத்தில் இருந்தது. ஓடிக்கொண்டே பனியன் நுனியால் முகத்தைத் துடைத்தார். நெற்றியில் ஒட்டிக்கிடந்த முடியை விரலால் ஒதுக்கிச் சரிசெய்துகொண்டார்.

அவ்வளவுதான் கதை. போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் வர ஐந்து நிமிடம் பிந்தினாலும், வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்க ஓர் ஆள் என்றைக்கும் இருக்கட்டும்.