இருநூற்றுப் பதினொன்றுக்குப் பிறகு

புயலுக்கு முன் கரை திரும்பிய படகுகளின் பட்டியல் கணினியின் மெமரியில்தான் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது மாறியவற்றை மட்டும் டிஸ்க்கில் எழுதிக்கொள்ளும். இடைப்பட்ட நேரத்தில் வருபவை வந்தவுடனே ஒவ்வொன்றாக, டிஸ்க்கிலேயே உள்ள ஒரு பதிவுக்கோப்பில் சேரும். துறைமுக அலுவலகத்தில் ஆறு வருடமாக அதை இயக்கும் ஜெசிந்தாவே அது எழுதுவதைக் கவனித்ததில்லை.

"எங்க வீட்டுக்காரவுக படகு வந்துருச்சாம்மா?" என்று பெர்னதெத் கேட்டபோது மின்சாரம் போனது. திரை இருண்டது.

"எல்லாம் அழிஞ்சிருச்சா?"

"இருங்கக்கா, பாப்போம்."

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் டிஸ்க்கிலிருந்து இருநூற்றுப் பதினொரு படகுகள் ஒரே மூச்சில் திரைக்கு வந்தன. பெர்னதெத் தேடிய படகு அவற்றில் இல்லை. பிறகு பதிவுக்கோப்பிலிருந்து மீதிப் படகுகள், வந்த வரிசையிலேயே, ஒவ்வொன்றாக வந்தன. பதினெட்டாவதாக அவள் கேட்ட 'சகாயராணி' வந்தது. தெற்குத் துறை, ஆறு பேர், அனைவரும் நலம். பதிவான நேரம், மின்சாரம் போவதற்கு இரண்டு விநாடி முன்பு.

பெர்னதெத் அந்த வரியை விரலால் தொட்டாள்.

"அந்த இருட்டுலயும் இத யாரும்மா புடிச்சு வச்சிருந்தது?"

ஜெசிந்தாவுக்குப் பதில் தெரியும். அவளும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.