புகைக்குள் திரும்பிப் போனவர்

முகமெல்லாம் கரியோடு, மலைச் சுரங்கச் சாலையிலிருந்து குவாபரா இருமிக்கொண்டே வெளியே வந்ததும், வாசலில் நின்ற முப்பது பேரும் கைதட்டினார்கள். ஒரு லாரிக்காரர் அவர் முன்னால் இடுப்பு மடிய வணங்கினார்.

உள்ளே ஒரு சரக்கு வண்டி எரிந்துகொண்டிருந்தது. “சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு நடந்து வெளியேறுங்கள்” என்று ஒலிபெருக்கி அலறியதும் எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். குவாபரா மட்டும் பாதி வழியில் மனைவியின் கையை உதறிவிட்டுப் புகைக்குள் திரும்பி ஓடினார்.

“நாமெல்லாம் உசிரு பொழச்சாப் போதும்னு ஓடி வந்தோம். மனுஷன்னா இவருதான்யா!” என்றார் லாரிக்காரர்.

மனைவி சிஸுயே குடுவையிலிருந்து பார்லி தேநீரை ஊற்றி நீட்டினாள். “இருபது வருஷமா உங்களை சுயநலக்காரர்னு திட்டிட்டேனே. மன்னிச்சிடுங்க.”

அவர் தேநீரைக் குடிக்காமல் அப்படியே கீழே வைத்தார். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

தீயணைப்புத் தலைவர் ஓடி வந்தார். “யாரைத் தேடிப் போனீங்க சார்? எந்த இடத்துல இருக்காங்க?”

குவாபரா தலையைக் குனிந்துகொண்டார்.

“அவரைக் கேக்காதீங்க. காப்பாத்த முடியலையேன்னு குமுறிட்டு நிக்கிறாரு” என்றாள் சிஸுயே.

“கேட்டுத்தாம்மா ஆகணும். மேல்கூரை பேந்து விழுது. ஆள் இருந்தா மட்டும்தான் என் ஆளுங்களை உள்ள அனுப்ப முடியும்.”

குவாபரா தலை நிமிரவில்லை. தலைவர் பெருமூச்சு விட்டார். “சரி, இருக்காங்கன்னே வச்சுக்குவோம். கிளம்புங்கப்பா!”

இரண்டு வீரர்கள் முகமூடியை மாட்டினார்கள். ஒருவர் தன் கைபேசியைத் தலைவரிடம் கொடுத்தார். “வீட்லேர்ந்து கூப்பிட்டா, வேலையா இருக்கேன்னு சொல்லிடுங்க.”

முப்பது பேரின் மரியாதையும் மனைவி கேட்ட மன்னிப்பும் கிடைத்து முழுதாகப் பத்து நிமிடம் ஆகவில்லை. வாயைத் திறந்தால் அத்தனையும் போய்விடும்.

குவாபரா ஓடிப்போய் அந்த வீரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போகாதீங்க, உள்ள யாருமே இல்ல... நான் காரைப் பூட்டத்தான் போனேன்.”