சின்னம்மா முறை

மெல்லிய மயிரிழை ஒன்றால் கௌசிகா அந்த மீன்குஞ்சின் வாலைத் தொட்டாள். அது பேசாமல் கிடந்தது. கொஞ்சம் பொறுத்துத்தான் மெல்ல நெளிந்தது.

பக்கத்துக் கிண்ணத்துக் குஞ்சு தொட்டதும் பாய்ந்தது.

கண்காட்சி நாள். துறைமுகத்தைப் பார்த்த அந்த ஆய்வுகூடத்தில் சனம் நெருக்கியடித்தது. வந்தவர்களில் பாதிப்பேர், இந்தச் சீப்ரா மீனைப் பொரித்தால் ருசியாக இருக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்திருந்த சிறுமி நிமிர்ந்தாள். "இது ஏன் ஓடேல்ல, ரீச்சர்?"

"ரீச்சர் இல்ல, சின்னம்மா," என்றான் பின்னால் நின்ற சிவரூபன். "இவ அப்பான்ர மச்சாளெல்லோ."

முறைப்படி சரிதான். மாமா மகனின் பிள்ளைக்கு அவள் சின்னம்மா. அவனைக் கட்டியிருந்தால் அம்மா. அந்தச் சொல் கௌசிகாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

பிள்ளைக்குப் பதில் சொல்லவேண்டுமே. இந்த மீனில் ஒரு மரபணு பழுது, அதனால் நரம்பிழைகள் ஒழுங்காக வளரவில்லை, அவற்றைச் சுற்றி மயலின் உறையும் படியவில்லை என்றாள். வயரின் மேல் றப்பர் இல்லாத மாதிரி. தொட்ட செய்தி போய்ச்சேரச் சுணங்கும்.

தாய், தகப்பன் இரண்டு பேரும் அந்தப் பழுதைக் கொடுத்தால்தான் வருத்தம் வரும். ஒருவர் மட்டும் கொடுத்தால் குஞ்சுக்கு ஒன்றும் செய்யாது.

சிவரூபனின் முகம் மாறியது. கௌசிகாவின் தம்பி கிருஷாந்தைத் தோளில் சுமந்து திரிந்தவன் அவன். இதே பழுதால் முதலில் நடக்க முடியாமல், பிறகு விழுங்க முடியாமல், கடைசியில் கண்ணை மூடிய பிள்ளை கிருஷாந்த்.

"மச்சாள்," குரலைத் தாழ்த்தினான். "இதுக்காகத்தானோ அண்டைக்கு என்னை வேண்டாமெண்டு சொன்னனீர்?"

அன்றைக்கு அவள் படிப்பைத்தான் சாட்டுச் சொல்லியிருந்தாள்.

"ஓம். சொந்தத்துக்குள்ள கட்டினா எங்கட பிள்ளைக்கும் வந்திடுமெண்டு பயந்தனான்."

"அப்ப உமக்குள்ளயும் அந்தப் பழுது இருக்கோ?"

அவனுடைய மகள் அடுத்த மேசைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். ஆரோக்கியமான, துடியான ஓட்டம்.

"இருக்கு," என்றாள் கௌசிகா.

அவன் நீண்ட மூச்சொன்றை விட்டான். இத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்த கோபம் அவனை விட்டுப் போவதை அவளால் பார்க்க முடிந்தது.

"நல்ல முடிவுதான் எடுத்திருக்கிறீர், மச்சாள்." மகளைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

ஆயிரக்கணக்கான மீன்களில் அந்தப் பழுதைத் தேடிப் பார்த்தவள், தன்னில் மட்டும் பார்க்காமலே இருந்தாள். இருக்கும் என்று அவ்வளவு நிச்சயம். அவ்வளவு பயம். போன மாதம்தான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு சோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். முடிவும் வந்துவிட்டது.

அவளிடம் அது இல்லை.