தெரியாத படம்

"படத்துல ஒண்ணுமே தெரியலையேம்மா! இதை ஏத்துக்க முடியாது." லக்ஷ்மிகாந்த் படத்தைத் திருப்பித் தள்ளினார்.

மாலினிக்குச் சுர்ரென்றது. "செல்போன்ல எடுத்தா புள்ளி புள்ளியா இருக்குன்னீங்க. ஃபிளாஷ் போட்டா வெளிச்சம் ஜாஸ்தின்னீங்க. இது தில்லை நகர்ல வாடகைக்கு எடுத்த பெரிய கேமரா சார்!"

"இருட்டுலயும் பளிச்சுன்னு எடுக்கிற கேமரா எல்லாம் வந்தாச்சும்மா. மனசைத் தளர விடாதீங்க. திரும்ப எடுங்க."

"மாட்டேன் சார். நேத்து எனக்குத் துணைக்கு வந்த எங்கப்பா, தடுக்கி விழுந்து காலை ஒடிச்சுண்டுட்டார்!"

"அதுக்காக? படம் தெளிவா இருக்க வேண்டாமா?"

"ஒண்ணுமே தெரியலைங்கிறதுதான் சார் என் புகாரே!" தெருவிளக்குப் புகார்களை வாங்கும் அந்த அதிகாரியின் முன்னால் படத்தை மறுபடி ஓங்கி வைத்தாள் மாலினி. "ஸ்ரீரங்கத்துல எங்க தெருவுல விளக்கே எரியலை!"