ஐந்தில் இரண்டு

"என்னம்மா இது அநியாயம்! அரையும் மூணில் ஒண்ணும் கூட்டினா அஞ்சில் ரெண்டுங்குது உங்க கம்ப்யூட்டர்!"

கண்ணாடிச் சுவரை ஒட்டி நின்ற நிதி அதிகாரி அலறினார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை. அதில் கம்ப்யூட்டரும், அதன் எதிரே பத்து வயதுப் பெண் ஒருத்தியும். உள்ளே பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் கேட்டது.

"ஷ்! மெதுவா சார். பொண்ணு திரும்பிடப் போறா" என்றாள் ஆராய்ச்சிக்காரி. கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்கு நெருங்கி நின்றாள்.

பிள்ளைகளுக்குக் கணக்கு வரவழைக்கும் கம்ப்யூட்டரே கதி என்று பதினான்கு வருடமாகக் கிடப்பவள் அவள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தும் அவள் கணவன் இதைத்தான் 'மூத்தவன்' என்பான். அந்த மூத்தவனின் தலையெழுத்து இன்றைக்கு இந்த அதிகாரியின் கையில். அவர் 'தொடரலாம்' என்று எழுதினால் அடுத்த வருடத்துக்குப் பணம் வரும். இல்லையென்றால் அறைக்குப் பூட்டு. மனிதரோ அவளுடைய விண்ணப்பத்தில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு வந்திருந்தார்.

பக்கத்தில் கணக்கு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இவ வகுப்புல வாயே திறக்க மாட்டா சார். பேர் கேட்டாக்கூடத் தலையைக் குனிஞ்சுக்குவா. நேத்து இதே கம்ப்யூட்டர்லதான் பின்னக் கணக்குல பரீட்சை வெச்சோம். முட்டை!"

"முட்டை வாங்கினவளுக்கு இப்படி ஒரு வாத்தியாரா? விளங்கிடும்!" என்றார் அதிகாரி.

உள்ளே அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சில்... ரெண்டா?" என்று முணுமுணுத்தாள்.

"ஆமா! மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு. சரிதானே?" என்றது கம்ப்யூட்டர், மிடுக்காக.

அவள் தலையைச் சொறிந்தாள். மேஜைமேல் கிடந்த காகிதப் பட்டையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அதிகாரி கொட்டாவி விட்டார்.

"இல்லையே..." என்றாள் திடீரென்று. "முதல்லயே அரை இருந்துச்சு. அதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். அப்போ அரையை விடக் கூடத்தானே வரணும்? அஞ்சில் ரெண்டுன்னா பாதிகூட இல்ல. சேர்த்தா எங்கயாவது குறையுமா?"

ஆராய்ச்சிக்காரி டீச்சரின் கையை இறுகப் பற்றிக்கொண்டு ஒரு குதி குதித்தாள். "கேட்டீங்களா? கேட்டீங்களா!"

"எதைக் கேட்கச் சொல்றீங்க? ஒரு பொடிசு உங்க மிஷினோட மானத்தை வாங்குது. நீங்க என்னடான்னா குதிக்கிறீங்க!" அதிகாரிக்கு எரிச்சலாக வந்தது.

"எனக்குப் புரியல. அப்போ எப்படித்தான் செய்யறது?" என்றது கம்ப்யூட்டர்.

"மண்டு! இங்க பாரு." பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பட்டையை ஆறா மடி. அரைன்னா அதுல மூணு துண்டு. மூணில் ஒண்ணுன்னா ரெண்டு துண்டு. மொத்தம் அஞ்சு. அப்போ ஆறில் அஞ்சு!"

"ஏன் ஆறு? ஏழா மடிச்சா என்ன?"

"ஏழு துண்டுல பாதியை எப்படி எடுப்பே? ஆறுதான் அரைக்கும் ஒத்துவரும், மூணில் ஒண்ணுக்கும் ஒத்துவரும். இப்போவாவது மண்டையில ஏறுச்சா?"

ஸ்பீக்கர் அதிர்ந்தது. "இது அவ குரலா?" என்று டீச்சர் வாயைப் பிளந்தார். ஆராய்ச்சிக்காரிக்குச் சந்தோஷத்தில் மூச்சே முட்டியது.

அதிகாரி பேனா மூடியைத் திறந்தார்.

"பாவமாத்தாம்மா இருக்கு. பதினாலு வருஷ உழைப்பு. ஆனா முட்டை வாங்கின பொண்ணு திருத்த வேண்டிய நிலைமையில இருக்கு உங்க வாத்தியார். இதுக்குப் பணம் கொடுத்தா என்னைத்தான் கேள்வி கேட்பாங்க. நிறுத்திக்கலாம்."

ஆராய்ச்சிக்காரி அவர் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"அது வாத்தியாரே இல்ல சார், வாத்தியார் அதோ அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கா. சரியா விடை சொல்ற மிஷினை நான் ரெண்டாவது வருஷமே செஞ்சு முடிச்சுட்டேன். நேத்து பரீட்சையில அந்தப் பொண்ணு போட்ட தப்பையே இன்னிக்குத் தானும் போட்டுட்டு, அவகிட்டயே பாடம் கேட்கிற ஒரு மாணவனைச் செய்யத்தான் மிச்ச வருஷமெல்லாம் ஆச்சு!"